பெயர்த்து வைத்த குத்து

2025 ஜனவரியில், புதுச்சேரிப் பக்கத்துப் பாகூருக்குக் கிழக்கே எங்கள் வயலில், ஒரே ஒரு குத்து நெல்லை, அதாவது ஒரே தூரில் எழுந்த ஒரு கொத்துப் பயிரை, நடுவில் வைத்துக்கொண்டு என் சித்தப்பாவும் விதைப்பண்ணை ஆய்வுக்கு வந்த அதிகாரியும் வாதாடினார்கள். இரண்டு பேர் சொன்னதும் சரியாக இருந்தது. ஒருவர் பக்கம் தப்பு என்றால் அன்றைக்கே மறந்திருப்பேன். இரண்டுமே சரி என்பதால்தான் ஒரு வருஷம் தாண்டியும் அந்தப் பேச்சு மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. புது ரகம் உருவாக்குவதில் விவசாயிக்கு என்ன இடம் என்று யார் பேசினாலும் எனக்கு அந்தக் குத்துதான் ஞாபகம் வருகிறது.

ஃபெஞ்சல் எப்படி அடித்தது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்தத் தண்ணீர் வடிவதற்குள் சாத்தனூர் அணையில் திறந்த வெள்ளம் தென்பெண்ணையில் இறங்கிவிட்டது. எங்கள் வயலில் வெள்ளைப் பொன்னி விதைப்பண்ணை, விற்பதற்கான விதைநெல் வளர்க்கிற இடம். மேட்டுப் பக்கம் எப்படியோ தப்பியது. வாய்க்கால் மூலையில் தண்ணீர் தேங்குகிற ஒரு பள்ளக்கால் உண்டு. அங்கே பயிர் தண்ணீருக்குள்ளேயே கிடந்து அழுகியது. வடிந்த பிறகு பார்த்தால் சேறு பூசிய தாளும் வீச்சமும்தான். அந்த மூலையில் பிழைத்து எழுந்த சில குத்துகளில் ஒன்று மட்டும் தனியாகத் தெரிந்தது. வயலில் இருந்த பொன்னியெல்லாம் கதிர் வாங்கிய பிறகும் இது கதிர் வெளியே வராமல் தொண்டைக்கதிரில் நின்றது. தூர்ப்பக்கம் லேசான ஊதா. கதிருக்கு அடியில் வரும் கண்ணாடி இலை வளையாமல் நேராக மேலே பார்த்தது. தாளை விரலால் அழுத்தினால் அமுங்கவில்லை. சித்தப்பா அதைச் சுற்றி வாழைநாரைத் தளர்வாகக் கட்டி ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

அதிகாரி வயது குறைந்தவர். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிப் பார்க்கிறவர். நாரைப் பார்த்ததும் நின்றார்.

"ஐயா, இது கலவன், வேற ரகம். பிடுங்கிடணும்."

"தெரியும் தம்பி. தெரிஞ்சுதான் நார் கட்டி வச்சிருக்கேன்."

"விதைப்பண்ணைங்கய்யா இது. நாளைக்கு இந்த வெதைய வாங்கிட்டுப் போறவரு முளைப்புல, கதிருல வித்தியாசம் பாத்தாருன்னா எங்களத்தான் கேப்பாரு."

"கேக்கட்டும், நியாயந்தான். ஆனா இந்தப் பள்ளத்துல எத்தினி நாளு தண்ணி நின்னுதுன்னு நான் பாத்தேன். பொன்னி பூரா அழுவிப் போச்சு. இது மட்டும் ஏன் நிக்குது? அத மட்டும் நீங்க சொல்லிடுங்க, நானே புடுங்கி வரப்புல போட்டுடறேன்."

அவர் உடனே பதில் சொல்லவில்லை. குனிந்து தூரைப் பார்த்தார், இலையைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "மண்ணோட பேத்து எடுத்துட்டுப் போயிடுங்க ஐயா. ஒரு பக்கெட்ல வைங்க. எனக்கு வயல் சுத்தமா இருந்தா போதும். நான் படிக்கறப்போ எங்க புரொபசரு இப்படித்தான் செய்வாரு." சித்தப்பா மண்வெட்டியை நாலு பக்கமும் ஆழமாக இறக்கி, வேர் அறுபடாமல் சேற்றுக் கட்டியோடு அந்தக் குத்தைத் தூக்கி, பழைய பெயிண்ட் டப்பாவில் இறக்கினார். மோட்டார் கொட்டகை ஓரம் வைத்துக் கொசுவலைத் துணியால் மூடினார், சிட்டுக்குருவிக்குப் பயந்து. விதைப்பண்ணையின் மேட்டுப் பகுதி ஆய்வில் தேறியது.

அதிகாரியின் பக்கம்

விதைச் சான்று விதிப்படி நெல் வயலில் கலவன் இருக்கலாம், ஆனால் அளவோடு. சான்று விதையைப் பெருக்க வைக்கிற ஆதார விதைக்கு 0.05 சதவீதம், விவசாயி வாங்குகிற சான்று விதைக்கு 0.2 சதவீதம். கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றும். 20 சென்டிமீட்டருக்கு 15 என்று நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1.3 லட்சம் குத்து வரும். அதில் சுமார் 270 குத்துக்கு மேல் வேறு மாதிரி இருந்தால் சான்று கிடையாது. அந்த 270-ஐயும் விட்டு வைக்க யாரும் விரும்புவதில்லை. தொண்டைக்கதிரில் ஒரு முறை, பூக்கும்போது ஒரு முறை, முற்றும்போது ஒரு முறை என்று வரிசை வரிசையாக நடந்து பிடுங்குகிறோம். இந்த வேலையின் அருமை, கலப்பட விதை வாங்கி ஏமாந்தவருக்குத்தான் தெரியும். ஒரு கதிர் பழுத்து உதிர நிற்கும், பக்கத்துக் கதிர் பச்சையாக இருக்கும். மெஷின் இறக்கினால் ஒன்று கொட்டிப் போகும், இன்னொன்று பால் வற்றாமல் சாக்குக்குள் போய் மூட்டையையே சூடாக்கும். வியாபாரி கையில் அள்ளிப் பார்த்த உடனே விலையைக் குறைப்பார். ஒரு பருவத்துப் பாடு அதோடு முடிந்தது. ஆகவே விதைப்பண்ணையில் தயவு பார்க்கக் கூடாது என்று அந்தத் தம்பி சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்ற மாட்டேன்.

ஆனால் அதே விதி வயலுக்கு வெளியேயும் நம் தலைக்குள் ஏறிவிட்டது. வருஷா வருஷம் கடையில் விதை வாங்குகிற வயலில், வித்தியாசமாக ஒன்று முளைத்தால் அதற்குப் பெயரே குற்றம் என்றாகிவிட்டது. பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டுப் போகிறோம். ஏன் வித்தியாசமாக இருக்கிறது என்று குனிந்து பார்க்கிற அந்த நேரம் நம் வேலையிலிருந்து காணாமல் போய்விட்டது. என் அப்பா தலைமுறையில் கதிர் பொறுக்கு என்பது அறுவடைக்கு முந்தின வேலை. நல்ல கதிராகப் பார்த்துக் கையால் கொய்து, தனியாக அடித்து, வேப்பிலை போட்டுக் குதிரில் வைப்பார்கள். வித்தியாசமானது கண்ணில் பட்டால் அதைத் தனியாக முடிந்து வைக்கும் பழக்கம் அந்த வேலைக்குள்ளேயே இருந்தது. விதையை விலைக்கு வாங்கத் தொடங்கியபோது விதையோடு இந்தக் கண்ணையும் சேர்த்து விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று எனக்குப் படுகிறது.

யாரோ விட்டு வைத்ததால்

கிச்சிலிச் சம்பா என்று ஊரெல்லாம் சொல்கிற ஜி.இ.பி. 24 நெல் ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1921-இல் கோயம்புத்தூரிலிருந்து வெளியானது. நாட்டு நெல்லில் தானாக மாறித் தோன்றிய செடி அதன் மூலம். அன்றைக்கு அந்தச் செடியைப் பார்த்தவர் கலவன் என்று பிடுங்கிப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதிலிருந்து டி.கே.எம். 6 வந்தது, டி.கே.எம். 6-லிருந்து ஐ.ஆர். 20 வந்தது. இன்று கடலூர்ச் சந்தையில் மூட்டை மூட்டையாக விற்கிற பி.பி.டி. 5204-இன் பெற்றோரிலும் ஜி.இ.பி. 24 இருக்கிறது. நாம் தினமும் சாப்பிடுகிற சோற்றில் அந்த ஒற்றைச் செடியின் பங்கு இருக்கிறது.

இது நூறு வருஷத்துப் பழங்கதை என்றால், 1983-க்கு வரலாம். மகாராஷ்டிராவில் சந்திரப்பூர் மாவட்டம் நாந்தேட் கிராமத்தில் தாதாஜி கோப்ரகடே என்ற சிறு விவசாயி தன் படேல் 3 நெல்வயலில் சில கதிர்கள் வேறு மாதிரி இருப்பதைக் கண்டார். அவற்றைத் தனியாக எடுத்து வைத்து அடுத்தடுத்த வருஷம் தனியாக நட்டு, பார்த்துப் பார்த்துக் கழித்து ஒரு ரகத்தை நிலைப்படுத்தினார். அப்போது எல்லோர் கையிலும் கட்ட ஆசைப்பட்ட கடிகாரத்தின் பெயரே அதற்கு அமைந்தது, எச்.எம்.டி. அந்த அரிசி பல மாநிலங்களுக்குப் பரவியது. அவருக்குப் பாராட்டும் விருதும் பின்னால் வந்தன. அவர் பயிரிட்டதோ சின்ன நிலம். 2018-இல் இறந்தார். எந்த ஆராய்ச்சிக் கூடமும் அவரை அழைத்து ஒரு வரிசை நட்டுக் கொடுத்து, வாருங்கள் சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லி அந்த வேலை தொடங்கவில்லை. அவராகவே பார்த்தார், அவராகவே வைத்தார்.

நம் பக்கத்துக்கே வரலாம். பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் 1992-இல் வெளியிட்ட பாலூர் 1 பலா, பண்ருட்டிக்குப் பக்கத்தில் பணிக்கன்குப்பத்து மரம் ஒன்றிலிருந்து தேர்வு செய்தது. 2007-இல் வந்த பாலூர் 2, பத்திரக்கோட்டை மரம். விருத்தாசலம் நிலையத்தின் முந்திரி ரகங்களில் வி.ஆர்.ஐ. 1-க்கு மூலம் கடலூர்ப் பக்கத்து வழிசோதனைப்பாளையத்து மரம். 1991-இல் வந்து ஊரெல்லாம் பரவிய வி.ஆர்.ஐ. 3-க்கு மூலம் ஆரோவில்லுக்குப் பக்கத்து இடையஞ்சாவடியில் நன்றாகக் காய்த்த ஒரு மரம். பலாவும் முந்திரியும் கொட்டை போட்டு வளர்த்தால் ஒரு மரம் போல இன்னொரு மரம் வராது. இந்த மரத்துச் சுளை தேன், அது வைகாசிக்கு முன்னால் பழுக்கும் என்று மரம் மரமாகத் தெரிந்து வைத்திருந்தவர்கள் தோட்டக்காரர்கள். பண்ருட்டியில் வியாபாரிகள் மரத்தைப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். ஆராய்ச்சியாளர்கள் ஊருக்கு வருவதற்குள் அங்கே பல தலைமுறைத் தேர்வு முடிந்திருந்தது. அவர்கள் செய்ததும் பெரிய வேலைதான். அளந்தார்கள், ஒட்டுக்கட்டினார்கள், பல இடத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அந்த வேலை இல்லாமல் பணிக்கன்குப்பத்து மரம் பணிக்கன்குப்பத்திலேயே நின்றிருக்கும்.

ஆனால் ஒன்று எனக்கு உறுத்துகிறது. நான் படித்த ரகக் குறிப்புகளில் ஊர்ப் பெயர் இருக்கிறது. மரத்துக்கு எண்கூட இருக்கிறது. எம் 26/2 என்று போட்டிருந்தால் அது இடையஞ்சாவடி மரத்தின் வழி வந்தது என்று அர்த்தம். மரத்துக்கு உடையவர் பெயரை எங்கும் காணவில்லை. அந்த மரத்தை வெட்டி விறகுக்குப் போடாமல், இதன் கொட்டையைத்தான் அடுத்து போட வேண்டும் என்று முடிவு செய்த ஒரு ஆணோ பெண்ணோ இருந்திருக்கிறார். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் சாய்த்தபோது, எத்தனை பேர் இப்படிப் பெயரில்லாமல் தேர்ந்து வைத்த மரங்கள் ஒரே காலையில் விழுந்திருக்கும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. எண் போட்ட மரத்துக்கு வாரிசு இருக்கிறது. மற்றவற்றுக்கு இல்லை.

பள்ளக்கால் சொன்னது

சித்தப்பாவின் குத்தைப் பற்றி எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பயிரைக் கண்ணால் பார்த்துத் தேர்வு செய்கிறவர் ஏமாறுவதற்கு வழி நிறைய உண்டு. வரப்போரத்துக் குத்து எப்போதும் திமிராகத்தான் நிற்கும், ஒரு பக்கம் காற்றும் வெயிலும் தாராளம், வேர் போட்டிக்கு ஆளில்லை. அதனால்தான் ஆராய்ச்சிப் பண்ணையில் ஓர வரிசையை விட்டுவிட்டு உள்வரிசையில் அளக்கிறார்கள். சாணிக் குவியல் கிடந்த இடத்திலும் அப்படித்தான். சுற்றி இருந்ததெல்லாம் செத்துவிட்டால் பிழைத்த குத்துக்கு உரமும் வெளிச்சமும் முழுதாகக் கிடைக்கும், அதுவும் வாட்டசாட்டமாக வரும். குணம் பிறப்பில் வந்ததா, நின்ற இடத்தில் வந்ததா என்று ஒரு பருவத்தில் யாராலும் சொல்ல முடியாது.

இதைச் சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் சொன்ன பதிலில் தான் என் கணக்கு மாறியது. மேட்டில் அதைவிடப் பெரிய கதிரோடு வித்தியாசமான குத்துகள் இருந்தன, அவற்றையெல்லாம் அவரே பிடுங்கிப் போட்டுவிட்டார். பள்ளக்காலில் நின்றதால் மட்டும் இதை வைத்தார். "மேட்டுல நல்லா இருக்கறது எல்லா வெதையும் இருக்கும்பா. நமக்கு அந்த மூலைதான வருஷா வருஷம் போவுது." வயலின் எந்த இடத்தில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும், எங்கே உவர் பூக்கும், எந்த மூலையில் நாற்று பச்சை பிடிக்க நாளாகும் என்று அவருக்குத் தெரியும். வயலின் அந்த மோசமான மூலையைத்தான் அவர் சோதனைக் களமாக வைத்திருக்கிறார், அதற்கு ஒரு பெயர் வைக்காமல்.

ஆராய்ச்சிப் பண்ணைகள் மட்டம் செய்த நிலத்தில், சொன்ன உரத்தோடு, நேரத்துக்குத் தண்ணீரோடு நடப்பவை. ஒப்பிட வேண்டும் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அங்கே முதலிடம் வருகிற பயிர் எங்கள் பள்ளக்காலில் முதலிடம் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சிரியாவில் பார்லியில் புது ரகங்களை உருவாக்கிய ஆராய்ச்சியாளர் சால்வத்தோரே செக்காரெல்லி 1990-களில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். மழை குறைந்த, உரம் காணாத நிலத்துக்கு ரகம் வேண்டுமென்றால் தேர்வும் அந்த நிலத்திலேயே நடக்க வேண்டும் என்று, விவசாயிகளின் வயலுக்கே வரிசைகளைக் கொண்டுபோய், அவர்களையே மதிப்பெண் போடச் செய்தார்.

வெள்ளம் தாங்கும் நெல்லின் கதையும் இப்படி ஒரு மூலையிலிருந்து வந்ததுதான். பெரும்பாலான ரகங்கள் மூழ்கினால் மூச்சு தேடி நெடுநெடுவென நீளும். இருக்கிற மாவுச்சத்தையெல்லாம் அதிலேயே செலவழித்துவிட்டுத் தண்ணீர் வடிந்ததும் துவண்டு விழும். ஒடிசாவின் தாளபுட்டியா என்ற நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்த எஃப்.ஆர். 13ஏ அப்படி நீளாது. அடக்கிக்கொண்டு கிடந்து, தண்ணீர் போனதும் புதிதாகத் துளிர்க்கும். 2006-இல் அந்தக் குணத்துக்கான மரபணுவை அடையாளம் கண்டார்கள், அதுதான் சப்1. அதைச் சேர்த்து வந்த ஸ்வர்ணா சப்1 இரண்டு வாரம்கூட மூழ்கல் தாங்குகிறது. நம் பக்கம் கடைமடையில் நடுகிற சி.ஆர். 1009 சப்1-இலும் இருப்பது அதே குணம். எங்கள் குத்தில் சப்1 இருந்ததா என்பது சோதித்தால்தான் தெரியும். ஒடிசாவில் வெள்ளத்தோடு வாழ்ந்த குடும்பங்கள் அந்த நெல்லை விடாமல் வைத்திருந்ததால்தான் சோதனைக்கூடத்துக்கு எடுத்துப் பார்க்க ஒரு விதை கிடைத்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆயா கழித்தது

டப்பாவில் வைத்த குத்து முற்றியது. கிடைத்த விதை ஒரு கைப்பிடிகூட இல்லை. 2025 சம்பாவுக்கு அதைத் தனி நாற்றங்காலில் விட்டு, ஒற்றை நாற்றாகப் பிடுங்கி, அதே பள்ளக்காலில் வரிசை வைத்து நட்டோம். தூர் கட்டும் வரை எல்லாம் ஒன்றுபோல இருந்தது. கதிர் வாங்கும்போது பிரிந்தது. சில நெட்டை, சில குட்டை. சில தூரில் ஊதா, சில பச்சை. சிலவற்றில் நெல்லுக்கு மீசை, சிலவற்றில் மொழுக்கென்று. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். எப்போதாவது ஒரு பூவில் அயல் மகரந்தம் புகுந்துவிடும். அப்படி வந்த கலப்பின் முதல் செடிதான் அந்தக் குத்து என்பது அப்போது தெளிவாயிற்று. அதன் பிள்ளைகள் தாயும் தகப்பனும் வேறுவேறு விகிதத்தில் கலந்து பிறந்திருந்தன. இன்னும் ஆறேழு தலைமுறை பொறுக்கினால்தான் ஒரு வழிக்கு வரும்.

இதில் நான் நெடுநேரம் நின்று யோசிக்கிற இடம் அறுவடைக்கு முந்தின காலை. சித்தப்பாவுக்கு ஒரு நெட்டைக் குத்தின் மேல் ஆசை. கதிர் நீளம், மணி நெருக்கம், வெள்ளத்தில் தலை தூக்கி நிற்கிற உயரம். அதைத்தான் விதைக்கு எடுக்க வேண்டும் என்று முடிவே செய்திருந்தார். அன்றைக்கு களையெடுக்க வந்த பெண்களில் மூத்தவர் ஒருவர் உண்டு. ஊரில் எல்லோருக்கும் ஆயா. நடவு, களை, அறுப்பு, தூற்றல் என்று எங்கள் வயலில் எங்களைவிட அதிக காலம் நின்றவர். சித்தப்பா காட்டிய கதிரை அவர் கீழிருந்து மேலாக ஒரு முறை உருவினார். அழுத்தவில்லை, சும்மா விரல் வழியே விட்டார். உள்ளங்கையில் எட்டுப் பத்து மணி விழுந்து கிடந்தது. கையை அப்படியே சித்தப்பா முன்னால் நீட்டினார்.

"வேணாம்பா இது. மேல பழுக்கறதுக்குள்ள அடிமணி கொட்டிப்புடும். பாக்கத்தான் பவுசு."

"மெஷின்ல அறுத்துட்டா, ஆயா?"

"பள்ளத்துல மிசினு எங்க எறங்குது? நாங்கதான அறுக்கறோம்."

அடுத்து மீசை உள்ள குத்துகளைக் கையாலேயே ஒதுக்கினார். தூற்றும்போது கண்ணில் பூரும், கழுத்தில் ஒட்டிக்கொண்டு ராத்திரி வரை அரிக்கும், மாடு வைக்கோலைக் கழித்துப் போடும். ஒரு குத்தின் தாளைக் கடித்துப் பார்த்து, "இது முரடு" என்று விட்டார். கடைசியில் அவரும் கூட வந்தவர்களும் நின்றது, நாங்கள் யாரும் திரும்பியே பார்க்காத நடுத்தர உயரத்துக் குத்துகளிடம். கதிர் ஒன்றும் பிரமாதமில்லை. எல்லாக் கதிரும் ஒரே நேரத்தில் பழுத்திருந்தது, தூரில் அழுகல் இல்லை, உருவினால் மணி விழவில்லை. சித்தி அவற்றில் சில மணியை நகத்தால் உரித்து, அரிசியின் வயிற்றில் வெள்ளைப் பொட்டு இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தார். பொட்டு உள்ளதை இரண்டு பாகமாக உடைத்துக் காட்டி, "புழுக்கி அரைச்சா நொய்யாப் பூடும்" என்றார். சித்தப்பா வாய் திறக்கவில்லை. நெட்டையின் விதையை மட்டும் தனியாக ஒரு தாளில் மடித்து வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு அந்தப் பெண்கள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, கழித்தார்கள். காரணத்தோடு, ஒவ்வொன்றாக, கொஞ்ச நேரத்தில். ஆராய்ச்சி நிலையங்களிலும் புது ரகம் உருவாக்குவது என்பது பெரும்பாலும் கழிப்பதுதான். ஒரு கலப்பிலிருந்து ஆயிரக்கணக்கான செடிகள், அவற்றிலிருந்து நூற்றுக்கணக்கான வரிசைகள், வருஷா வருஷம் கழித்துக் கழித்துக் கடைசியில் நாலைந்து. அந்த நாலைந்து வந்த பிறகுதான் விவசாயியைக் கூப்பிடுகிறார்கள். செயல்விளக்கத் திடல், பலகை, மதியச் சாப்பாடு, கருத்துப் படிவம். எது பிடித்திருக்கிறது என்று கேட்கிறார்கள். ஆயா கழிக்க வேண்டியதை அங்கே யாரோ வைத்திருப்பார்கள். ஆயா கேட்டிருக்கக் கூடியது மூன்றாவது வருஷத்திலேயே விளைச்சல் குறைவு என்று குப்பைக்குப் போயிருக்கும். அது இருந்தது என்பதே அவருக்குத் தெரியாது. தெரியாததைக் கேட்கவும் முடியாது.

முன்னாலேயே கூப்பிட்ட இடங்கள் இருக்கின்றன. நேபாளத்தின் மலைப்பகுதிக்காக அந்த ஊர் சோம்ரோங் நெல்லை ஃபுஜி 102 என்ற ஜப்பானிய நெல்லோடு கலந்து, இன்னும் நிலைப்படாத விதையையே விவசாயிகளிடம் கொடுத்து அவர்கள் வயலில் பொறுக்கச் செய்தார்கள். அதிலிருந்து மச்சாபுச்ரே 3 வந்து 1996-இல் அரசின் அங்கீகாரத்தோடு வெளியானது. ஜார்க்கண்டின் மேட்டு நிலத்துக்குக் கலிங்கா 3-ஐயும் ஐ.ஆர். 64-ஐயும் கலந்து இதே வழியில் அசோகா ரகங்கள் வந்தன. அங்கே முடிந்தது இங்கே முடியாது என்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. பாலூர், விருத்தாசலம், கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையம், புதுச்சேரி வேளாண் அறிவியல் நிலையம் என்று ஒரு பேருந்து தூரத்துக்குள் இவ்வளவு இருக்கிற பகுதி இது. நிலைப்படாத வரிசைகளில் ஒரு பங்கைப் பாகூர்ப் பள்ளத்துக்கும், பரங்கிப்பேட்டை உவர் நிலத்துக்கும், காட்டுமன்னார்கோயில் கடைமடைக்கும் அனுப்பலாம். வயல்காரர் நார் கட்டிய குத்தை வாங்கி, நட்டுப் பார்த்து, பிறப்பா இடமா என்று சொல்லலாம். அந்த அதிகாரித் தம்பி ஒரு பக்கெட்டில் வைக்கச் சொன்னாரே, அதைச் செய்ய ஒரு அலுவலகம் இருந்தால் போதும்.

இரண்டு விஷயம் மட்டும் விட்டுவிட மனமில்லை. ஒன்று கூலி. பங்கேற்பு என்ற பெயரில் நிலத்தையும் நேரத்தையும் விவசாயி சும்மா கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதைவிட அநியாயம், சொந்தமாகச் சென்ட் நிலமில்லாத பெண்களின் அறிவை வாங்கிக்கொண்டு, நிலத்துக்காரரின் கையெழுத்தோடு படிவத்தை முடிப்பது. கதிரை உருவிப் பார்த்த அந்தக் காலை ஆயாவுக்குக் களைக்கூலிதான் கிடைத்தது. அந்த வேலைக்குத் தனிக் கூலி கொடுக்க வேண்டும் என்று சித்தியிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. அடுத்த அறுப்பிலிருந்து அப்படித்தான்.

இன்னொன்று பெயர். 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்க விவசாயிக்கு உரிமை தருகிறது, வணிகப் பெயரிட்டு விற்பது மட்டும் கூடாது. விவசாயி உருவாக்கிய ரகத்தை அவர் பெயரிலேயே கட்டணமில்லாமல் பதிவு செய்யவும் வழி வைத்திருக்கிறது. நெல்லுக்கு அந்தப் பாதுகாப்பு 15 வருஷம். நல்ல சட்டம். ஆனால் அதற்கும் ரகம் ஒரே சீராக நிற்க வேண்டும், மற்றவற்றிலிருந்து வேறுபட வேண்டும், மாறாமல் வர வேண்டும். எங்களுடையது அங்கே போய்ச் சேர வருஷங்கள் ஆகும், சேராமலும் போகலாம். அதுவரை யார் எதைக் கழித்தார்கள், ஏன் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். ஆயாவின் பெயர் அதன் முதல் பக்கத்தில் இருக்கிறது. அவரிடம் கேட்டுத்தான் எழுதினேன். இங்கே போட வேண்டாம் என்றார், போடவில்லை.

வரும் சம்பாவுக்கு ஆயா வைத்த குத்துகளின் விதை தனித்தனிப் பொட்டலமாக இருக்கிறது. சித்தப்பாவின் நெட்டையும் ஓரமாக இரண்டு வரிசை நடப்படும், உதிர்வு குறைந்த பிள்ளை ஏதாவது அதில் பிறக்கலாம் என்பது அவர் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது. தென்பெண்ணைக் கரையிலோ, கெடிலத்துக்குக் கீழேயோ, பரங்கிப்பேட்டைப் பக்கமோ தண்ணீர் நிற்கிற அல்லது உவர் பூக்கிற ஒரு மூலை உங்கள் வயலில் இருந்தால், ஆளுக்கு ஒரு சிறு பொட்டலம் தர முடியும். விதைப்பண்ணை வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டாம், அங்கே இது கலவன். ஒற்றை நாற்றாக நட வேண்டும், ஓர வரிசையைக் கணக்கில் எடுக்கக் கூடாது, உங்கள் வயலில் அறுக்கிறவர்களை அறுவடைக்கு முன்னால் அழைத்து அவர்கள் கழிப்பதைக் காரணத்தோடு எழுதி அனுப்ப வேண்டும். அந்தக் காலைக்கு அவர்களுக்குக் கூலியும் கொடுக்க வேண்டும்.